விதானையார் வளவு: பெயர் ஒருவருடையது, உறுதி இன்னொருவருடையது

எங்கள் ஊரில் வழி கேட்டு வருபவர்களுக்கு "விதானையார் வளவு தாண்டி வலது கைப்பக்கம்" என்றுதான் சொல்லுவார்கள். வலிகாமம் வடக்கில், மாவிட்டபுரத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடைப்பட்ட ஊர். விதானையார் காலமாகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. விதானை என்ற பதவியே 1963 இல் இல்லாமற்போய், அந்த இடத்துக்குக் கிராம சேவகர் வந்துவிட்டார். 1990 ஜூனில் ஊரே எழும்பிப் போனது. எங்கள் காணி விடுவிக்கப்பட்டு நாங்கள் உள்ளே போன நாளில் அங்கே வீடு இருக்கவில்லை. பற்றைக்குள் அத்திவாரக் கற்களும், வாய்க்கட்டு உடைந்த ஒரு கிணறும் மட்டும் இருந்தன. ஆனாலும் எல்லை காட்ட எங்களுடன் வந்த அயல் முதியவர், பற்றையை விலக்கிக் கிணற்றைக் கண்டதும் சொன்னார்: "இதுதான் பிள்ளை விதானையார் வளவு."

விதானையார் என்னுடைய பூட்டன், அதாவது அம்மம்மாவின் தகப்பன். அந்த வளவில் ஒரு பரப்பு நிலமோ, அந்த வீட்டில் ஒரு கல்லோ அவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. இதை நான் அறிந்துகொண்டது காணிப் பதிவகத்தில், காணாமற்போன உறுதியைத் தேடிப்போன போதுதான்.

யாழ்ப்பாணத்துப் பெரிய வீடுகளைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் ஓர் ஆணின் பெயரிலோ பதவியிலோ தொடங்கும். மணியகாரர் வீடு, உடையார் வளவு, முதலியார் வீடு, பரியாரியார் வளவு. நல்லூரில் இன்றும் பார்க்கக்கூடிய பழைய மாளிகைக்கும் பெயர் மந்திரிமனை. இப்போதுள்ள அதன் கட்டடத்தில் ஐரோப்பியர் காலத்துக் கைவண்ணம் தெரிந்தாலும், பெயர் என்னவோ அரசர் கால மந்திரியுடையதுதான். வீட்டின் பெயரையும் வீட்டின் உறுதியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொரு வரலாறு தெரியும். எங்கள் வீட்டை முன்வைத்து அதைச் சொல்லப் பார்க்கிறேன். தங்கள் வளவுகளுக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கும், இன்னும் போக முடியாமல் இருப்பவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

நாற்சார் வீடு

எங்களுடையது நாற்சார் வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றி நான்கு பக்கமும் விறாந்தை. விறாந்தைக்குப் பின்னால் அறைகள். நான்கு கூரைகளும் உட்புறமாகச் சரிந்து, மழைத்தண்ணீரைப் பீலி வழியாக முற்றத்தில் இறக்கும். அங்கிருந்து ஒரு சிறிய துவாரத்தால் தண்ணீர் வெளியே போய், வாழையடியில் சேரும். வெளிச்சுவரில் யன்னல்கள் குறைவு. வெளிச்சமும் காற்றும் முற்றத்தால்தான் வரவேண்டும். சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ந்திருப்பதற்கு இதுவே காரணம். வெளியாருக்குத் தெரியாமல் பெண்கள் வானத்தின் கீழ் இருக்கக்கூடிய இடமும் அந்த முற்றம்தான். சாமத்தியச் சடங்கும் கலியாணப் பலகாரச் சூடும் அங்கே நடந்தன. நெல் காய்ந்ததும், கடைசியில் பிரேதம் கிடத்தப்பட்டதும் அதே முற்றத்தில்தான்.

வீட்டுக்கு முன்னால் தலைவாசல். வந்தவர்கள் இருந்து கதைக்கும் இடம் அது. ஒழுங்கையில் கூரை போட்ட சங்கடப்படலை. கிடுகு வேலி. பின்பக்கம் குசினி, கிணற்றடி, மாட்டுக்கொட்டில். அதற்கும் அப்பால் பனைகள் நின்ற அடிவளவு.

கட்டடப் பொருட்கள் எல்லாம் அயலிலேயே கிடைத்தவை. குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. கிணறு வெட்டினால் கல் வரும், அந்தக் கல்லே சுவராகும். அதையே சூளையில் வைத்து எரித்தால் சுண்ணாம்பு. பனங்கட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்த சாந்து என்று அம்மம்மா சொல்லுவா. கூரைக்கு வைரம் பாய்ந்த பனையில் அரிந்த தீராந்தியும் சலாகையும். காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் வந்தது. அதற்கு முந்திய கல்வீடுகள் எல்லாம் சுண்ணாம்பின் பலத்தில் நின்றவை. ஓடு மட்டும் கடல் கடந்து வந்தது. மங்களூரில் பாசல் மிசன் 1865 இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, பனையோலையும் பீலி ஓடும் இருந்த கூரைகளில் தட்டையோடு ஏறியது. எங்கள் கூரையிலும் அதுதான் இருந்தது.

அந்த வீட்டில் நாங்கள் பேசிய சொற்களில் ஆட்சிகள் மாறிய கதை இருந்தது. யன்னல், கதிரை, மேசை, அலுமாரி, குசினி, விறாந்தை எல்லாம் 1619 இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. கக்கூசும் நொத்தாரிசும் 1658 இல் அவர்களைத் துரத்திய ஒல்லாந்தரிடமிருந்து வந்தவை. முற்றம், திண்ணை, படலை, கிணறு, வளவு ஆகியவை நம்முடையவை. தோம்பு என்ற சொல்லும் போர்த்துக்கேயச் சொல்லே. அவர்கள் தொடங்கி ஒல்லாந்தர் விரித்த காணிப் பதிவேட்டுக்கு அந்தப் பெயர். இன்றும் நாங்கள் பதிவகத்தில் 'தோம்பு பார்க்க' வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

மருமகனாக வந்தவர்

ஒல்லாந்தர் காலத்தில், யாழ்ப்பாணத்தின் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இங்குள்ள தமிழரின் வழக்கங்களைத் தொகுத்து 1707 இல் கையளித்தார். அதன் தமிழ் வடிவத்தைப் பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். தேசவழமை என்று நாம் சொல்லும் சட்டம் அதுதான். ஆங்கிலேயர் 1806 இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். 1911 இன் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் 1947 இன் திருத்தமும் அதன் பல பகுதிகளை மாற்றின. ஆனாலும் வடக்குத் தமிழரின் காணிகள் இன்றும் அதன் நிழலில்தான் கைமாறுகின்றன.

பழைய தேசவழமை சொத்தை மூன்றாகப் பிரித்தது. தகப்பன் வழியில் வருவது முதுசொம். அது ஆண்பிள்ளைகளுக்கு. தாய் கொண்டுவந்தது சீதனம். அது பெண்பிள்ளைகளுக்கு. கணவனும் மனைவியும் சேர்ந்து தேடியது தேடியதேட்டம். அது இரு பாலாருக்கும். கலியாணத்தின்போது பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படுவதில் முதலாவது பெரும்பாலும் வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதுதான் யாழ்ப்பாணத்தில் பரவலான வழக்கம். ஆகவே பரம்பரை வீடு என்று நாம் சொல்லுவது பல இடங்களில் தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று போன வீடு. ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக ஒருவர் வெளியிலிருந்து வந்து அதன் தலைவாசலில் இருந்தார்.

என் பூட்டனும் அப்படி வந்தவர்தான். அயலூரிலிருந்து மாப்பிள்ளையாக வந்து, பிறகு விதானையாக நியமிக்கப்பட்டார். ஊர்ப் பிணக்குத் தீர்த்ததும், வரி விடயம் பார்த்ததும், காவல் துறையினர் வந்தால் கதிரை போட்டு இருத்தியதும் அந்தத் தலைவாசலில். ஊருக்கு அது விதானையார் வீடாகிவிட்டது. உறுதியிலோ அது பூட்டியின் வீடு. முதலாம் உலகப்போருக்கு முன்பே அவவின் தாய் அவவுக்கு எழுதிக் கொடுத்தது.

இதைச் சொல்லும்போது பெண்களின் நிலை உயர்ந்திருந்தது என்று பெருமைப்பட்டு நிறுத்திவிட முடியாது. 1911 சட்டத்தின்படி தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தை விற்கவோ கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சீதனம் பெற்ற மகளுக்குப் பழைய வழமைப்படி பெற்றோரின் மிச்சச் சொத்தில் உரிமையும் இல்லை. உடைமை பெண்ணிடம் இருந்தது, அதை ஆளும் பேனா ஆணிடம் இருந்தது. பூட்டி அம்மம்மாவுக்கு எழுதிய சீதன உறுதியின் பிரதியை நான் பார்த்தேன். பூட்டியின் கைநாட்டு. அதற்குக் கீழே, சம்மதம் கொடுக்கும் கணவராக, விதானையாரின் அழகான வளைந்த கையெழுத்து. அந்த வளவின் ஆவணங்களில் அவருடைய பெயர் வரும் இடம் அது ஒன்றுதான்.

திண்ணைக்கு அப்பால்

பெரிய வீட்டின் வரலாற்றில் வழமையாக விடுபட்டுப்போகும் இன்னொரு பகுதி உண்டு. எங்கள் அடிவளவில், பனைகளுக்கு இடையில், ஒரு குடும்பம் தலைமுறைகளாகக் குடிசை போட்டு இருந்தது. அவர்களுடைய முன்னோர் அந்த வீட்டுக்குக் கல் பிளந்தவர்கள், சுண்ணாம்பு எரித்தவர்கள், பனை ஏறியவர்கள். தேசவழமைத் தொகுப்பிலேயே அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அடிமை முறையைச் சட்டம் 1844 இல் ஒழித்தது. பழக்கம் அதற்குப் பிறகும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அடிவளவிலேயே இருந்தது.

அவர்கள் தலைவாசல் திண்ணையில் இருந்ததை நான் கண்டதில்லை. தேத்தண்ணி அவர்களுக்குச் சிரட்டையில், பிறகு வேறாக வைத்த பேணியில். கிணற்றில் அவர்கள் அள்ளக்கூடாது. குடத்துடன் கிணற்றடியில் காத்து நிற்பார்கள். வீட்டிலிருந்து யாராவது போய் அள்ளி ஊற்ற வேண்டும். என் அம்மாவை விட வயதில் மூத்த பெண்ணை நாங்கள் சின்னப்பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். அவர் எங்களை "பிள்ளை" என்று கூப்பிட்டதில்லை, "நாச்சியார்" என்றார். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்திருந்தது. 1968 இல், எங்கள் ஊருக்குப் பக்கத்தில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக உரிமை கேட்டு அந்த மக்கள் வாசலில் அமர்ந்தார்கள். அந்த ஆண்டுதான் அம்மாவுக்குக் கலியாணம் நடந்தது, வீடு அவவின் பெயருக்கு வந்தது. கலியாண வீட்டில் கோயில் வாசலைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை என்று அம்மா ஒருமுறை சொன்னா.

போரை எழுதும்போது நாம் இழந்த வீட்டின் அழகை மட்டும் எழுதுகிறோம். எங்கள் முற்றத்தை நினைத்தால் எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் அந்தக் கிணற்றடியில் குடத்துடன் நின்ற பெண்ணையும் சேர்த்து எழுதாவிட்டால் அது வீட்டின் வரலாறாகாது, எங்கள் குடும்பத்தின் படமாக மட்டும் இருக்கும்.

1990 க்குப் பிறகு

1990 ஜூன் நடுப்பகுதியில் வலிகாமம் வடக்கு வெறுமையானது. இரண்டு மூன்று நாளில் திரும்பலாம் என்று நினைத்துப் போனவர்கள் நாங்கள். மாடுகளை அவிழ்த்து விட்டோம். வீட்டைப் பூட்டித் திறப்பை அம்மா இடுப்பில் செருகினா. உறுதிகள் இருந்த தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டா. அடிவளவுக் குடும்பமும் அதே ஒழுங்கையால் எங்களுக்கு முன்னால் நடந்தது. பலாலியையும் காங்கேசன்துறையையும் சுற்றிய நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது.

1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, அந்தப் பெட்டி எங்களுடன் மழையில் நனைந்தது. சாவகச்சேரியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் திறந்து பார்த்தபோது உறுதியின் மை கரைந்திருந்தது. முத்திரை ஒட்டிய இடம் மட்டும் தெரிந்தது. அம்மா அதைக் காயவைத்து மடித்து இன்னமும் வைத்திருக்கிறா.

போர் முடிந்த பிறகும் காணி உடனே வரவில்லை. 2013 இல், வலிகாமம் வடக்கிலும் அதை அடுத்தும் உள்ள 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. மக்கள் வீதிக்கும் நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2015 ஏப்ரலிலிருந்து கட்டம் கட்டமாகச் சில பகுதிகள் விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் திறந்தது. இன்னமும் வேலிக்கு அப்பால் நின்று தங்கள் வளவைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டின் ஓடு, சலாகை, கதவு நிலை, முற்றத்துத் தூண்கள் எப்போது எவரால் எடுக்கப்பட்டன என்று எழுதி வைத்தவர் ஒருவரும் இல்லை. சுவர்க் கல்லும் இல்லை. திறப்பு மட்டும் அம்மாவிடம் இருந்தது.

இதே காலத்தில் வேறு ஒன்றும் நடந்தது. மல்லாகம் கோணப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை போன்ற முகாம்களில் பல ஆண்டுகள் தங்கியிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, காணி விடுவிப்புச் செய்தி எந்த மாற்றத்தையும் தரவில்லை. அவர்களுக்கு விடுவிக்கக் காணி இருக்கவில்லை. அவர்கள் முன்னர் இருந்தது மற்றவர்களின் அடிவளவில், உறுதி இல்லாமல். 2016 இல் கீரிமலை நல்லிணக்கபுரத்தில் காணியற்ற குடும்பங்கள் சிலவற்றுக்கு வீடுகள் கிடைத்தன. எங்கள் அடிவளவுக் குடும்பம் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை.

உறுதியைத் தேடிய கதை

உறுதி அழிந்தால் உரிமை அழிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். அப்படி எழுதும்போது மூன்று பிரதிகள் உண்டாகின்றன. ஒன்று உரிமையாளரிடம். இன்னொன்று நொத்தாரிசின் கோவையில். மூன்றாவதை அவர் அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்கு முன் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். எனவே கையில் இருந்தது கரைந்தாலும் வேறு இரண்டு இடங்களில் அது இருக்க வேண்டும்.

தேடுவதற்கு உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் சுகம். எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. அம்மாவுக்கு நினைவிருந்தது ஆண்டு மட்டும். வழி காட்டியது அயலவரின் உறுதி. எங்கள் பக்கத்து உறுதிகளில் நான்கு எல்லைகளும் ஆட்களின் பெயரால் எழுதப்பட்டிருக்கும். கிழக்கில் ஒழுங்கை, வடக்கில் இன்னாரின் காணி என்று. மேற்குப்பக்க அயலவர் 1990 இல் தன் உறுதியைப் பத்திரமாகக் கொண்டுபோயிருந்தார். அவருடைய கிழக்கு எல்லையாக என் பூட்டியின் பெயர் இருந்தது. விதானையாரின் பெயரை நாங்கள் எதிர்பார்த்திருந்ததால் முதலில் அதைக் கவனிக்காமல் கடந்து போனோம். பிறகுதான் பூட்டியின் பெயரைக் கொண்டு தோம்பு பார்த்தோம். அதில் காணியின் பெயர், விஸ்தீரணம் 12 பரப்பு, பிறகு நூற்பதிவும் பக்கமும் வரிசையாக வந்தன. பூட்டியின் தாயிலிருந்து பூட்டிக்கு. பூட்டியிலிருந்து அம்மம்மாவுக்கு. அம்மம்மாவிலிருந்து அம்மாவுக்கு. எல்லாம் சீதன உறுதிகள். நான்கு பெண்களின் பெயர்கள் ஒரே பக்கத்தில்.

தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு மூன்று விடயம் சொல்லலாம். முதலாவது, வீட்டின் ஊர்ப்பெயரை நம்பித் தேடாதீர்கள். தாய்வழிப் பெண்களின் முழுப்பெயரையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். முதியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். இரண்டாவது, சுற்றியுள்ள நான்கு அயலவரின் உறுதிகளையும் பாருங்கள். மூன்றாவது, காலம் கடத்தாதீர்கள். 1871 இன் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் மற்றவரின் காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றித் தனதாக ஆண்டால் அதை உரிமையாகக் கோரலாம். போரினால் போக முடியாதிருந்தவர்களுக்காக 2016 இல் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் வழக்கிட அது இடம் கொடுத்தது. ஆனால் அதற்குத் தந்த அவகாசம் இரண்டே ஆண்டுகள். அது முடிந்துவிட்டது. 2025 மார்ச் 28 இல், காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடமாகாணத்தின் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரும்படி வர்த்தமானி வெளிவந்தபோது நமக்கு ஏற்பட்ட பதற்றம் நினைவிருக்கும். எதிர்ப்பின் பின் அது மீளப்பெறப்பட்டது. அடுத்த தடவையும் நம்மிடம் கேட்கப்படுவது கடதாசிதான்.

புதிய உறுதியில் என்ன எழுதுவது

அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. வழக்கப்படி அடுத்த பெயர் என்னுடையது. போன ஆவணியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நொத்தாரிசிடம் போனோம். அவர் பழைய உறுதியின் பிரதியை வாசித்தார். "இதனுள் அடங்கிய கல்வீடு, கிணறு, பயன்தரு மரங்கள்" என்று வந்த இடத்தில் நிறுத்தி, கல்வீடு இப்போது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் புதிய உறுதியில் அதை எழுத முடியாது என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கிணறு இருக்குது தானே" என்று மட்டும் கேட்டா.

வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அம்மா தன் மனதில் இருந்ததைச் சொன்னா. அடிவளவில் இரண்டு பரப்பை அந்தக் குடும்பத்துக்கு நன்கொடையாக எழுத வேண்டும். நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அந்தப் பெண் இப்போது இல்லை. மகள் ஏழாலையில் வாடகைக் காணியொன்றில் தகரக் கொட்டில் போட்டு இருக்கிறார்.

கனடாவிலிருக்கும் அண்ணா தொலைபேசியில் சம்மதிக்கவில்லை. "அம்மா, இத்தனை வருசம் காத்திருந்து எடுத்த காணி. பூட்டன்ர பெயர் சொல்லுற வளவு. துண்டாடப் போறீங்களோ?" என்றார். அவருடைய வருத்தம் எனக்கு விளங்காமல் இல்லை. அவர் அந்த முற்றத்தில் நடை பழகியவர். திரும்பி வந்து பார்க்க அவருக்கு இன்னமும் வாய்க்கவில்லை.

அம்மா சொன்ன பதில்: "தம்பி, அது உன்ர பூட்டன்ர வளவில்லை. பூட்டியின்ர. அவையள் கட்டின வீட்டிலை நாங்கள் நாலு தலைமுறை இருந்திட்டம். அவையளுக்கு இரண்டு பரப்பு குடுத்தா ஒண்டும் குறையாது."

விதவையான அம்மாவுக்கு இப்போது எவருடைய சம்மதக் கையெழுத்தும் தேவையில்லை. பங்காளிக்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்ற தேசவழமை விதி விற்பனைக்கு உரியது. இது நன்கொடை. அது போக, காணியில் அம்மாவுக்குப் பங்காளியும் இல்லை. தேவையாக இருந்தது நில அளவையாளரின் பிரிவுப் படம் மட்டும். 1 பரப்பு 10 பேர்ச், 18 குழி. 16 பரப்பு ஓர் ஏக்கர். 12 இல் 2 போனால் எனக்கு 10. அளவையாளர் எல்லைக் கல் நாட்டிய அன்று அந்த மகளும் வந்திருந்தார். படலை இருந்த இடத்தில், உள்ளே வராமல் நின்றார். நான் போய்க் கூட்டி வந்தேன். எங்களுக்கு இரண்டு பேருக்கும் என்ன கதைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் பனைகளைப் பற்றிக் கதைத்தோம்.

நன்கொடை உறுதியின் வரைவு இப்போது என் மேசையில் இருக்கிறது. எல்லைகள், விஸ்தீரணம், படத்தின் இலக்கம் எல்லாம் சரி. நொத்தாரிசு ஒரு வரியை மட்டும் விட்டிருந்தார், அம்மா அதைச் சேர்க்கச் சொன்னா. யாழ்ப்பாணத்து உறுதிகளில் காணி பிரியும்போதெல்லாம் வரும் பழைய வரிதான் அது. ஆனால் எங்கள் வளவிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு எழுதப்படுவது இதுவே முதல் தடவை: இக்காணிக்கு வடக்குப் பக்கக் காணியில் உள்ள கிணற்றில் பங்கும், போக்குவரத்து வழி வாய்க்கால் பாத்தியதையும், தண்ணீர் அள்ளும் உரிமையும்.

வரும் வெள்ளிக்கிழமை கையெழுத்து. அதற்கு முன் கிணற்றை இறைத்து, வாய்க்கட்டைக் கட்டிவிட வேண்டும்.